முகம் வரையப் பழக: புகைப்படமா, கண்ணாடியா, எதிரில் உட்காரும் ஆளா?

முகம் வரையப் பழக ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பென்சிலைப் பற்றி. எச்பி போதுமா, இன்னும் கறுப்பாக விழும் 6பி வேண்டுமா, எந்த நோட்டு நல்லது, டேப்லெட்டே வாங்கிவிடலாமா. இதற்கெல்லாம் பதில் உண்டு, கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: எதைப் பார்த்து வரையப் போகிறோம்?

நான் பார்ப்பது கணக்கு எழுதும் வேலை. தஞ்சாவூரில் வீடு, திருச்சியில் அலுவலகம். ஓவியக் கல்லூரிப் பக்கம் போனதில்லை. எட்டு வருடமாகக் கிடைத்த நேரத்தில் முகங்களை மட்டும் வரைகிறேன். செல்போன் படத்தைப் பார்த்து, கண்ணாடியில் என்னையே பார்த்து, வீட்டில் இருப்பவர்களை உட்காரவைத்து, ரயிலில் எதிர் சீட்டில் இருப்பவர்களைப் பார்த்து என்று நான்கு விதமாகவும் வரைந்து பார்த்தாயிற்று. நான்கும் கற்றுத்தருவது ஒன்றல்ல. இது முதலிலேயே தெரிந்திருந்தால் ஆரம்ப இரண்டு வருடத்தை வேறு மாதிரிச் செலவழித்திருப்பேன்.

புகைப்படம்

பெரும்பாலானவர்கள் இதில்தான் தொடங்குகிறார்கள், நானும் அப்படித்தான். படம் அசையாது, அலுத்துக்கொள்ளாது, இரவு பதினோரு மணிக்கும் அதே வெளிச்சத்தில் இருக்கும். கட்டம் போட்டு வரையவும் தோதானது. படத்தின் மேல் அரை அங்குலக் கட்டம், தாளில் ஓர் அங்குலக் கட்டம். எந்தக் கோடு எந்தக் கட்டத்தை எங்கே வெட்டுகிறதோ அதை அப்படியே எடுத்து வைத்தால் அளவு தப்பாது. இந்த முறையை யாரும் குறைத்துப் பேச வேண்டாம். ஃப்ளெக்ஸ் வருவதற்கு முன்பு சென்னை மவுண்ட் ரோட்டில் நின்ற சினிமா பேனர்களில் அவ்வளவு பெரிய முகங்களை, ஒரு சின்ன ஸ்டில்லில் கட்டம் போட்டுத்தான் பேனர் ஓவியர்கள் ஏற்றினார்கள். ஆள் உயரத்துக்கு ஒரு கண் வரைகிறவருக்கு முழு முகமும் பார்வையில் படாது; கட்டம்தான் துணை. ஆனால் அந்தக் கட்டத்துக்குள் ஓடியது வருடக்கணக்கில் முகம் பார்த்துப் பழகிய கை.

தொடங்குகிறவருக்கு அந்தக் கை இன்னும் வந்திருக்காது. ஒரு நடிகையின் படத்தைக் கட்டம் போட்டு மூன்று வாரம் உட்கார்ந்து வரைந்தேன். பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். அந்தத் தைரியத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவை எதிரில் உட்காரவைத்தேன். கண்ணை எந்த இடத்தில் வைப்பது என்றே தெரியவில்லை. அந்த மூன்று வாரமும் நான் கட்டங்களை வரைந்திருக்கிறேன், முகத்தைப் பார்க்கவே இல்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

இன்னொன்று, கேமரா நாம் பார்ப்பது போலப் பார்ப்பதில்லை. ஓர் அடி தூரத்தில் கையை நீட்டி எடுத்த செல்ஃபியில், ஐந்தடி தள்ளி எடுத்த படத்தைவிட மூக்கு ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாகத் தெரியும். காது பின்னால் ஒடுங்கிப் போகும். அதைப் பார்த்து எவ்வளவு ஒழுங்காக வரைந்தாலும் "ஏதோ மாதிரி இருக்கே" என்பார்கள். தப்பு கையில் இல்லை, படத்தில் இருக்கிறது. போதாததற்கு செல்போனில் அழகுபடுத்தும் ஃபில்டர் தானாகவே வேலை செய்துகொண்டிருக்கும். மூக்கின் ஓரத்திலிருந்து வாய்வரை இறங்கும் மடிப்பு, கண்ணுக்குக் கீழே இருக்கும் பை, இவற்றையெல்லாம் துடைத்துவிடும். ஆளை ஆளாகக் காட்டுவதே அந்த மடிப்புகள்தான். புகைப்படம்தான் வசதி என்றால் படத்தை நீங்களே எடுங்கள். ஆறடி தள்ளி நின்று கொஞ்சம் ஜூம் செய்து, ஃப்ளாஷ் இல்லாமல், ஒரு பக்கம் ஜன்னல் வெளிச்சம் விழும்படி. ஒரு பக்கக் கன்னம் வெளிச்சத்திலும் மறுபக்கம் நிழலிலும் இருந்தால்தான் மூக்கு மேடு என்பதும் கண் பள்ளம் என்பதும் தாளில் வரும்.

புகைப்படத்தைத் தவிர வேறு வழியே இல்லாத ஒரு சந்தர்ப்பம் உண்டு: இறந்தவர்களை வரைவது. முகம் வரையத் தெரியும் என்று நாலு பேருக்குத் தெரிந்துவிட்டால் இந்தக் கோரிக்கை கட்டாயம் வரும். கூட வேலை செய்கிறவர் ஒருவர் அவருடைய அப்பாவை வரைந்து தரச் சொன்னார். இருந்தது ஒரே ஒரு பாஸ்போர்ட் அளவுப் படம், நேருக்கு நேர் விளக்கு போட்டு எடுத்தது, முகத்தில் நிழலே இல்லை. என்ன செய்தும் தட்டையாகவே வந்தது. கடைசியில் அவரையே ஜன்னலோரம் அரை மணி நேரம் உட்காரச் சொன்னேன். அப்பாவின் நெற்றியும் புருவ மேடும் அவருக்கு அப்படியே இறங்கியிருந்தன. நிழல் எங்கே விழ வேண்டும் என்பதை மகனைப் பார்த்தும், மற்றதைப் படத்தைப் பார்த்தும் போட்டேன். அதை வாங்கிக்கொண்டு போனவர் அன்று மத்தியானம் சாப்பிட வரவில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே புகைப்படம் பார்த்து வரையவும் பழகித்தான் ஆக வேண்டும். ஆனால் அதிலிருந்து தொடங்காதீர்கள்.

கண்ணாடி

வான்கோ முப்பதுக்கும் மேற்பட்ட தடவை தன்னையே வரைந்ததற்கு ஒரு காரணம், மாடலுக்குக் கொடுக்கக் கையில் காசு இல்லாதது. நமக்கும் அதே வசதி இருக்கிறது. கூப்பிட்ட நேரத்துக்கு வருகிற, எவ்வளவு மோசமாக வரைந்தாலும் முகம் சுளிக்காத ஆள் கண்ணாடிக்குள் இருக்கிறார்.

அளவு கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது. விரலை வைத்துப் பாருங்கள்: உச்சந்தலையிலிருந்து கண்ணுக்கும், கண்ணிலிருந்து மோவாய்க்கும் உள்ள தூரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். கண் தலையின் நட்டநடுவில் இருக்கிறது. தொடங்குகிறவர்கள் அநேகமாக எல்லோரும் கண்ணை மேலே ஏற்றிவிடுகிறார்கள், ஏனென்றால் நாம் ஒருவரின் நெற்றியையும் தலைமுடியையும் கவனித்துப் பார்ப்பதே இல்லை. இரண்டு கண்ணுக்கும் நடுவே இன்னொரு கண் வைக்கிற அளவு இடம் இருக்கும். காது புருவத்தில் தொடங்கி மூக்கடியில் முடியும். இந்த நாலு அளவையும் யாராவது சொல்லிக் கேட்டால் மறந்துபோகும். சொந்த முகத்தில் தொட்டுப் பார்த்தால் மறக்காது.

கண்ணாடியில் இருக்கிற தொல்லை, தாளைப் பார்த்துவிட்டு நிமிரும்போது தலை பழைய இடத்தில் இருக்காது. அதற்கு நான் கண்டுபிடித்த வழி ஸ்டிக்கர் பொட்டு. நம் வீட்டுக் கண்ணாடிகளில் எப்படியும் நாலைந்து ஒட்டியிருக்கும். அதில் ஒன்றை இரண்டு புருவத்துக்கும் நடுவில் விழும்படி வைத்துக்கொண்டு, நிமிரும்போதெல்லாம் பொட்டு அந்த இடத்தில் வந்து உட்கார்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த கோட்டைப் போடுவேன். இன்னொரு விஷயம், கண்ணாடிப் பரப்பில் உங்கள் முகம் எப்போதும் பாதி அளவில்தான் இருக்கும், எவ்வளவு தள்ளி நின்றாலும். சோப்பால் கண்ணாடி மேலேயே முகத்தைச் சுற்றிக் கோடு போட்டுப் பார்த்தால் தெரியும். ஏ4 தாளில் அந்தப் பாதி அளவு சரியாக அடங்கும்.

ஆனால் இதிலேயே தங்கிவிடக் கூடாது. உற்றுப் பார்க்கிற முகம் மட்டுமே கிடைக்கும், எல்லாப் படத்திலும் கோபமாக இருப்பது போல வரும். பக்கவாட்டு முகம் கிடைக்காது. சிரிப்பு இரண்டு நிமிடம்கூட நிற்காது. இரண்டு வாரம், தினம் ஒரு படம், அது போதும்.

வீட்டில் இருப்பவர்கள்

நான்கில் எனக்குப் பிடித்தது இதுதான், ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

"அசையாம உட்காருங்க" என்று சொன்னால் யாரும் உட்கார மாட்டார்கள்; உட்கார்ந்தாலும் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி விறைத்துக்கொள்வார்கள். டிவி பார்க்கிறவர்களைப் பிடியுங்கள். சீரியல் ஓடும்போது ஒரு தலை இருபது நிமிடம் ஒரே கோணத்தில் இருக்கும். விளம்பரம் வந்தால் அசையும், மறுபடி அதே இடத்துக்கு வந்துவிடும். பூக் கட்டுகிறவர்கள், கீரை ஆய்கிறவர்கள், பேப்பர் படிக்கிறவர்களும் நல்ல மாடல்கள். தலை குனிந்திருக்கும், கை மட்டும்தான் ஓடும்.

என் அப்பாயி மொச்சை உரித்துக்கொண்டிருந்தபோது வரைந்த படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. முடித்ததும் வாங்கிப் பார்த்தது.

"ஏன் கண்ணு, காதை இம்புட்டு நீளமாவா போடுவ?"

"நீளமாத்தானே இருக்கு அப்பாயி."

"தண்டட்டியக் கழட்டி இருவது வருசமாச்சு. காது அப்படியே நின்னுபோச்சு பாரு" என்று சொல்லித் தாளில் இருந்த காதைத் தடவிப் பார்த்தது.

அந்தக் காதை நான் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன். அந்தத் துளை எவ்வளவு பெரியது, மடல் எவ்வளவு மெலிந்து தாடையைத் தொடுகிறது, துளை வழியாகக் கழுத்து தெரிகிறது என்பதையெல்லாம் அன்று பென்சிலோடு உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன். இதே கோணத்தில் செல்போனில் எடுத்த படமும் இருக்கிறது. அதில் காது ஒரு கறுத்த திட்டு.

நிறத்தைப் பற்றியும் இங்கேதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் நேரில் பார்த்துத்தான் இதைக் கற்க முடியும். இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பெரும்பாலும் வெளுத்த முகங்களே இருக்கும்: தாளின் வெள்ளையை அப்படியே விட்டுவிட்டு, ஓரங்களில் மட்டும் லேசாக நிழல். அதைப் பார்த்துப் பழகியவர்கள் நம் ஆட்களை வரையும்போதும் முகத்தை வெள்ளையாகவே விட்டுவிடுகிறார்கள். கறுப்படித்தால் அழகு போய்விடும் என்ற பயம் வேறு. எனக்கு இது மனத்தை உறுத்துகிற விஷயம். அப்பாயி நல்ல கறுப்பு. கறுத்த முகத்தில் ஒளி விழும் இடம் வெளுத்த முகத்தில் தெரிவதைவிடப் பளிச்சென்று தெரியும்: நெற்றி மேடு, மூக்குத் தண்டு, கன்ன எலும்பு, கீழுதட்டில் ஒரு புள்ளி. முதலில் முகம் முழுக்க 2பி பென்சிலைச் சாய்த்துப் பிடித்து ஒரே சீராக ஒரு பூச்சு கொடுத்துவிடுங்கள். கண்ணின் வெள்ளையையும் சேர்த்துத்தான். அதுவும் இமையின் நிழலில்தான் இருக்கிறது. பிறகு 4பியில் நிழல்களை இறக்குங்கள். கடைசியாக, மாவு மாதிரி பிசைந்து கூராக்கிக்கொள்ளக்கூடிய ரப்பரால் ஒளி விழும் இடங்களை மட்டும் ஒற்றி எடுங்கள். நீடபிள் இரேசர் என்று கேட்டால் கடையில் தருவார்கள். முகம் தாளிலிருந்து எழுந்து வரும். கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து 2021இல் கொரோனாவில் மறைந்த ஓவியர் இளையராஜாவின் தைல வண்ண ஓவியங்களைப் பாருங்கள். நம் ஊர்ப் பெண்களின் மாநிற, கறுத்த முகங்களில் வெளிச்சம் எப்படி உட்கார்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்து அவற்றைவிட நல்ல பாடம் இல்லை.

இந்த வழியிலும் கஷ்டம் உண்டு. வரையப்படுகிறவருக்கு மனம் நோகும். அத்தை ஒருவருக்கு வரைந்த இரட்டைத் தாடை பிடிக்காமல் ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை. அதற்காகப் பொய்யாக வரைய வேண்டாம். முதல் பத்துப் படத்தை யாரிடமும் காட்டாமல் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், குழந்தைகளை முதல் வருடத்தில் தொடாதீர்கள். மடிப்போ மேடுபள்ளமோ இல்லாத வழுவழு முகத்தில் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது, கண் நடுவுக்குக் கீழே இருக்கும், ஒரு கோடு கூடினாலும் பத்து வயது ஏறிவிடும். வயதானவர்கள்தான் தொடங்குகிறவர்களுக்கு ஏற்றவர்கள். முகத்தில் எல்லாம் எழுதியிருக்கும்.

ரயிலில் எதிரில் இருப்பவர்கள்

தஞ்சாவூர் பாசஞ்சரில் ஏறினால் திருச்சி போய்ச் சேர எனக்கு ஒரு மணி நேரம் ஆகும். அதில் எதிர் சீட்டுக்காரர் எத்தனை நிமிடம் ஒரே மாதிரி இருப்பார் என்று சொல்ல முடியாது. பூதலூரில் இறங்கிவிடலாம், திரும்பி ஜன்னலைப் பார்க்கலாம். அதனால் கண்ணையும் மூக்கையும் தனித்தனியாக வரைய நேரம் இல்லை. தலையின் மொத்த வடிவம், அது கழுத்தில் எந்தச் சாய்வில் உட்கார்ந்திருக்கிறது, முடி ஒரு திட்டாக, கண்குழி ஒரு நிழலாக. இரண்டு நிமிடத்தில் அவ்வளவுதான் முடியும்.

ஜாடை அங்கேதான் இருக்கிறது என்பதை இந்த அவசரம்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. தெருக்கோடியில் வருகிற சித்தப்பாவை அங்கிருந்தே அடையாளம் தெரிகிறதே, அவர் கண்ணிமையைப் பார்த்தா தெரிகிறது? காந்தி நூற்றாண்டையொட்டி ஓவியர் ஆதிமூலம் வரைந்த கோட்டோவியங்களில் அலைந்து திரியும் கோடுகள்தான் இருக்கும், தள்ளி நின்று பார்த்தாலும் காந்தி. தஞ்சாவூரில் பிறந்த கோபுலு பத்திரிகைகளுக்கு ஒரு கூட்டத்தை வரைந்தால், கடைசி வரிசையில் நிற்பவரும் ஒரு தனி ஆளாக இருப்பார். மணிக்கணக்காக இமைமுடி வரைந்து இந்தப் பார்வை வராது. நூறு பேரை இரண்டிரண்டு நிமிடம் பார்த்தால் வரும்.

ஆனால் தெரியாதவர்களை வரைவதில் ஒரு பொறுப்பு இருக்கிறது. தூங்குகிறவர்கள் சுலபமான மாடல்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் வரைந்திருக்கிறேன். இருந்தாலும் ஒரு பெண் தூங்கும்போது அவரை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பது சரியில்லை, வரைகிறவர் ஆணாக இருந்தால் இன்னும் சரியில்லை. கவனித்துவிட்டார்கள் என்றால் நோட்டை மூடாமல் திருப்பிக் காட்டிவிடுங்கள். மூடினால்தான் சந்தேகம் வரும். முகம் கோணுகிறதா, மன்னிப்புக் கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். கேட்காமல் அந்தப் படத்தை இணையத்தில் போடாதீர்கள். நான் நோட்டைத் திருப்பிக் காட்டியபோது பெரும்பாலும் கிடைத்தது சிரிப்பு. திருவெறும்பூரில் இறங்கும் பூக்கார அம்மா ஒருவர் வாரம் ஒருமுறை "இன்னிக்கு யாரைப் போட்ட?" என்று கேட்டு வாங்கிப் பார்ப்பார். கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, யார் யார் எந்த ஊரில் ஏறுகிறவர்கள் என்று அவரே சொல்லுவார். படம் சரியாக வந்திருக்கிறதா என்பதற்கு எனக்கு அதுதான் பரீட்சை.

யாருக்கு எது

என் வரிசை இது. முதல் இரண்டு வாரம் கண்ணாடி. அதற்குப் பிறகு மூன்று நான்கு மாதம் வீட்டில் டிவி பார்க்கிற பெரியவர்கள். கை கொஞ்சம் திடமானதும் பஸ்ஸோ ரயிலோ தினம் பத்து நிமிடம். புகைப்படம் இதற்கெல்லாம் பிறகு.

எல்லோருக்கும் இது ஒத்துவராது. தனியாக ஹாஸ்டலில் இருக்கிறவர், கைக்குழந்தை தூங்கிய பிறகு மட்டும் நேரம் கிடைக்கிற தாய், இரவு வேலைக்காரர்கள், இவர்களுக்குப் புகைப்படம்தான் நடக்கிற காரியம். அப்படியானால் கட்டம் போடாமல் வரையுங்கள், ஒரு படத்துக்கு முப்பது நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள், பத்துக்கு ஒன்றாவது கண்ணாடியைப் பார்த்து வரையுங்கள். வேகமாக நல்ல படம் வேண்டும், பிறந்தநாளுக்குப் பரிசு கொடுக்க வேண்டும் என்பவர்கள் கட்டத்தையே பிடித்துக்கொள்ளலாம். கூச்ச சுபாவம் உள்ளவர்கள் ரயிலை ஒரு வருடம் தள்ளிப்போட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

பென்சிலா, பேனாவா, டேப்லெட்டா

முதலில் கேட்டதற்கு இப்போது பதில். கண்ணாடிக்கும் வீட்டுக்கும் பென்சில்: எச்பி, 2பி, 4பி, மூன்று போதும், நம் ஊர்க் கம்பெனிப் பென்சிலே போதும். தாளில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஜெராக்ஸ் எடுக்கும் 75 ஜி.எஸ்.எம். தாள் (ஜி.எஸ்.எம். என்பது தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) இரண்டு தடவை அழித்தால் நூல் நூலாகக் கிளம்பிவிடும். 120க்கு மேல் இருக்கிற ஸ்கெட்ச் புத்தகம் வாங்குங்கள்.

ரயிலுக்குப் பால்பாயின்ட் பேனா. பத்து ரூபாய் நீலப் பேனா. அழிக்க முடியாது என்பதால் தைரியம் வரும், மெல்லத் தொட்டால் மெல்லிய கோடு, அழுத்தினால் கறுத்த கோடு, சீவ வேண்டிய வேலையும் இல்லை. ஜெல் பேனா வேண்டாம், கை பட்டால் ஈஷிக்கொள்ளும், அழுத்தத்துக்குக் கோடும் மாறாது.

கரிக்குச்சியில் (சார்கோல்) கறுத்த முகங்கள் அற்புதமாக வரும், ஆனால் கை, சட்டை, தரை எல்லாம் கரியாகும். ஆறு மாதம் கழித்து முயலுங்கள்.

டேப்லெட், அதற்கான பேனாவோடு சேர்த்தால், இருபது முப்பதாயிரத்தைத் தொட்டுவிடும். பணத்தைவிட எனக்கு இருக்கும் தயக்கம் வேறு. தப்பான கோட்டை ஒரு தட்டில் அழித்துவிடலாம் என்று இருக்கும்போது கோடு போடுவதற்கு முன் பார்க்கிற பழக்கம் வளராது. விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி மறுபடியும் கண்ணிமையில் போய் உட்கார்ந்துவிடுவோம். பத்திரிகைக்கோ அனிமேஷனுக்கோ போகிற எண்ணம் இருந்தால் இரண்டாவது வருடம் வாங்குங்கள்.

வகுப்பில் சேரலாமா என்றும் கேட்பார்கள். நான் ஒரு இடத்தில் மூன்று மாதப் பணம் கட்டிச் சேர்ந்தேன். மூன்று மாதமும் அச்சடித்த படத்தைக் கொடுத்துப் பார்த்து வரையச் சொன்னார்கள். நல்ல வகுப்புகளும் இருக்கின்றன, எனக்குத் தெரியும். பணம் கட்டுவதற்கு முன்னால் ஒன்று மட்டும் கேட்டுவிடுங்கள்: இங்கே யாராவது வந்து எதிரில் உட்காருவார்களா?